யோகராஜ் மாட்டாத கடைசி வயர்

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஒருவர் வந்தால், அவரை எந்த அறை வரை உள்ளே விடுவீர்கள்? அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தெரிந்த பிறகும் அதே அறைதானா?

ஆமாம் என்று உடனே தலையாட்டுகிறவர்கள் போடிநாயக்கனூர் யோகராஜைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. அவரை வாசலில் நிறுத்தியவர்களைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

யோகராஜுக்கு இருபத்தொன்பது வயது. ஊரின் ஓரத்துக் காலனியில் பிறந்தவர். தமிழ்நாட்டில் காலனி என்றால் என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மா கருத்தம்மாள் முப்பது வருடமாக விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பேராக நசுங்கி, மலைக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகிறார். அந்த எஸ்டேட் பக்கத்து ஊரான சிலமலை வீரணனுக்குச் சொந்தம். அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கூலியில்தான் யோகராஜ் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தார்.

படிப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் கலீபுல்லாவின் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தார். ஆறு வருடம் பிரிண்டருக்கு மை நிரப்பினார். ஏலக்காய்க் கமிஷன் கடைகளின் பில் மிஷின்களைத் துடைத்தார். வைரஸ் புகுந்த லேப்டாப்புகளை அழித்து எழுதினார். கமிஷன் கடைக்காரர்கள் தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து ஒவ்வொரு உறுப்பாகச் சேர்த்து, தனக்கென்று ஒன்றைக் கட்டினார். பெட்டி கிடையாது. ஒரு பிளைவுட் பலகையில் மதர்போர்டைத் திருகி, பக்கத்தில் பவர் சப்ளையைப் படுக்கவைத்திருந்தார். ஒரே அறை வீட்டில் அதைச் சுற்றிக் கூட்டுவதற்குக் கருத்தம்மாள் பயப்படுவார். அந்தப் பலகையில் ஏதாவது ஒரு விளையாட்டை ஓடவைக்க யோகராஜ் பட்ட பாடுதான் அவருடைய படிப்பு. எது திணறுகிறது, ஏன் திணறுகிறது, எதை மாற்றினால் எது மூச்சு விடும் என்று காதால் கேட்டே சொல்வார்.

போன வருடம் புரட்டாசியில் வீரணன் வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது. மகள் கார்த்திகா கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் படிக்கிறார். தீபாவளி லீவுக்கு வரும்போது வீட்டில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். கலீபுல்லா அன்றைக்கு யோகராஜைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"யோகு, இந்த ஒண்ண நல்லபடியா முடிச்சுக் குடு. மாடி ரூம உனக்கே ஒதுக்கிர்றேன். கேமிங் கம்ப்யூட்டர் கட்டுறதுக்குன்னு போடிக்காரன் எவனும் இனிமே மதுரைக்கு ஓடக் கூடாது."

மாடி அறை அப்போது காலி அட்டைப்பெட்டிகள் போட்டுவைக்கும் இடம். யோகராஜ் அன்றைக்கு மத்தியானமே டேப்பைக் கொண்டுபோய் அதை அளந்து பார்த்தார். மேசை இங்கே, விளக்கு இங்கே, வந்தவர் உட்கார நாற்காலி இங்கே. தன் பெயர் போட்ட பலகை படிக்கட்டுக்குக் கீழே. ஆறு வருடத்தில் அவர் ஆசைப்பட்டது அந்த ஓர் அறைக்குத்தான்.

கார்த்திகா வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். யூடியூப் பார்த்து எழுதியது. கலர் கலராக எரியும் ஃபேன் ஆறு, கண்ணாடி வைத்த பெட்டி, விலை உயர்ந்த மதர்போர்டு. பவர் சப்ளை மட்டும் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு. யோகராஜ் இரண்டு நாள் உட்கார்ந்து அந்தப் பட்டியலை மாற்றினார். சிலமலையில் கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எப்படித் தள்ளாடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஃபேன்களில் மூன்றைக் குறைத்து, அந்தக் காசை நல்ல பவர் சப்ளைக்கு மாற்றினார். போடி வெயிலுக்குக் கண்ணாடிப் பெட்டி ஆகாது, முன்பக்கம் முழுக்க வலை போட்டதாக வேண்டும் என்றார். கார்த்திகா, "அப்ப அழகா இருக்காதேண்ணா" என்று எழுதினார். "பாப்பா, அழகா அவிஞ்சு போறதுக்கு, சுமாரா உசுரோட இருக்கட்டும்" என்று யோகராஜ் பதில் போட்டார். சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று வந்தது. ஒப்புதல் ஆனது.

இன்னொரு முடிவும் எடுத்தார். விளையாட்டுக்குப் படம் வரைந்து தருவது கிராபிக்ஸ் கார்டு. அது தனியாக இருக்கும்போது, பிராசசருக்குள்ளேயே சின்னதாகப் படம் வரையும் வசதி தேவையில்லை. அது இல்லாத பிராசசர் விலை குறைவு. ஆனால் யோகராஜ் அந்த வசதி உள்ளதையே தேர்ந்தெடுத்தார். என்றைக்காவது கார்டு பழுதாகி வாரண்டிக்கு அனுப்பினால், திரும்பி வர வாரக்கணக்காகும். அதுவரை அந்தப் பெண்ணுக்குப் படிக்கவாவது திரையில் ஏதாவது தெரியட்டும் என்று நினைத்தார். வாங்குகிறவர் கேட்காமலே அவருக்காக யோசிக்கிற இந்தக் குணம்தான் பிறகு அவர் கழுத்தைப் பிடித்தது.

கூரியர்காரர்கள் பெட்டிகளை எறிவார்கள் என்று பயந்து, மதுரை ரயிலில் போய் அவரே வாங்கிவந்தார். திரும்பும்போது மதர்போர்டையும் கார்டையும் மடியிலிருந்து இறக்கவில்லை. எதிர் சீட்டில் இருந்த ஒருவர், "என்னப்பா, கொழந்தைக்கு முட்டாயா?" என்று கேட்டாராம். கொழந்தையே இதுதாண்ணே என்றாராம் இவர்.

கடையிலேயே எல்லாவற்றையும் பொருத்திக் கொண்டுபோயிருக்கலாம். வீரணன் சம்மதிக்கவில்லை. பெட்டிகளைத் தங்கள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்றார். எனவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை யோகராஜ் சிலமலைக்குப் போனார். கார் நிறுத்தும் ஷெட்டில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். விரித்துக்கொள்ள நைலான் சாக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் உரசினால் மின்சாரம் ஏறி உறுப்புகளைக் கெடுக்கும் என்று சொல்லி, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியையே விரித்துக்கொண்டார். எஸ்டேட் மேனேஜர் காமராஜ் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியின் சீலையும் பார்த்தார், போனில் படம் எடுத்தார்.

பிராசசரை அதன் குழியில் இறக்கும்போது அழுத்தவே கூடாது. அதன் எடைக்கே அது போய் உட்காரும். உளுந்து அளவு பசையை அதன் தலையில் வைத்து, கூலரைக் குறுக்குக் குறுக்காகத் திருகி இறுக்க வேண்டும். ராம் மெமரிப் பட்டைகள் இரண்டையும் சரியான துளைகளில் டக்கென்று சத்தம் வரும்வரை அமுக்க வேண்டும். இதையெல்லாம் யோகராஜ் காற்றில் தூசி பறக்கும் ஷெட்டில், காருக்கும் உர மூட்டைகளுக்கும் நடுவில் செய்தார். கடைசியாக கார்டைச் செருகி, புது மானிட்டரை மாட்டி ஓடவிட்டார். விளையாட்டு ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. காமராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்தார். "எலேய், தியேட்டராட்டம் இருக்கே" என்றார்.

அன்றைக்கு இரண்டு தடவை காபி வந்தது. காமராஜுக்கு எவர்சில்வர் டம்ளரில். யோகராஜுக்குப் பேப்பர் கப்பில். இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று மேடைகளில் பேசுகிறோம். கப் கம்பெனிக்காரர்கள் சுலபமான வழி செய்து கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். குடித்த பிறகு கழுவவோ கவிழ்க்கவோ வேண்டியதில்லை, யாரும் புண்பட வேண்டியதில்லை.

வேலை முடிந்ததும் வயர்களைக் கழற்றி, பெட்டியை மாடிக்குக் கொண்டுபோக யோகராஜ் கை வைத்தார். வீரணனின் மனைவி செல்லக்கிளி வாசற்படியிலிருந்து தடுத்தார். கோபமாக அல்ல, மிகவும் கனிவாக.

"இருக்கட்டும்ப்பா. சாமி ரூமத் தாண்டித்தேன் மாடிக்குப் போகணும். காமராசு தூக்கிட்டுப் போவாரு. நீ சொல்லு, அவரு மாட்டிக்கிடுவாரு."

யோகராஜுக்குப் புரிந்தது. புரியாமல் எந்தக் காலனிக்காரரும் இருபத்தொன்பது வயது வரை வந்திருக்க முடியாது. அவர் காமராஜைப் பெட்டியின் பின்பக்கம் கூப்பிட்டுக் காட்டினார். மானிட்டர் வயர் போகும் துளை இரண்டு இடத்தில் இருக்கிறது. மேலே இருப்பது மதர்போர்டுடையது. கீழே படுக்கைவாட்டில் இருப்பது கார்டுடையது. கீழேதான் மாட்ட வேண்டும். மேலே மாட்டினாலும் பிராசசரின் உள் வசதியால் படம் தெரியும், ஆனால் கார்டு சும்மா இருக்கும். காமராஜ் போனில் ஏலக்காய் விலை பேசிக்கொண்டே தலையாட்டினார். அதைப் பார்த்துவிட்டு யோகராஜ் மேல் துளையை வெள்ளைக் காகித டேப்பால் மூடி, பேனாவால் 'இதில் மாட்டக் கூடாது' என்று எழுதி ஒட்டினார்.

பைக்கை எடுக்கும்போது திரும்பிப் பார்த்தார். செல்லக்கிளி ஒரு சட்டியில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, அதில் துணியை நனைத்துப் பிழிந்து, பெட்டியை முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஈரம் உள்ள போயிரும்மா" என்று யோகராஜ் கேட்டுக்கு வெளியிலிருந்து சொன்னார்.

"தூசிப்பா, தூசி" என்றார் அந்த அம்மா, நிமிராமலே.

தீட்டு என்று ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அது தகரத்தின் மேலா ஒட்டியிருக்கும்? பிராசசரின் தலையில் பசை வைத்தது யோகராஜின் விரல். ராமை அமுக்கியது அவர் கட்டைவிரல். ஒவ்வொரு வயரையும் தொட்டது அவர் கை. துடைப்பதானால் உள்ளே துடைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிடுங்கி மஞ்சள் தண்ணீரில் முக்கியிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் செத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கே நஷ்டம் வருமோ அங்கே சாத்திரம் நின்றுவிடும். அன்றைக்கு மாலை யோகராஜ் இதைச் சொன்னபோது கருத்தம்மாள் சிரித்துவிட்டார்.

"நான் எடுத்த காயிதேன் அவுக சாமிக்கு வைக்கிற பாயாசத்துல மெதக்குது அப்பு. அதத் தொடச்சா எடுக்குறாக?"

ஈரத் துணி டேப்பைப் பிய்த்துக்கொண்டு போனது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

கார்த்திகா வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தார். கம்ப்யூட்டரைப் போட்டார். திரை எரிந்தது. விளையாட்டைத் திறந்தார். படம் வயசானவர் படியேறுவதுபோல் நின்று நின்று வந்தது. ஓர் ஆளைச் சுடுவதற்குள் தான் நான்கு முறை செத்துப்போனதாகத் தோழிகளுக்கு எழுதினார். செட்டிங்கில் போய்ப் பார்த்தார். அங்கே பிராசசரின் உள் வசதியின் பெயர் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய கார்டின் பெயரே காட்டவில்லை என்று அப்பாவிடம் சொன்னார். வீடியோவில் ஆயிரம் பெட்டிகளின் முன்பக்கத்தைப் பார்த்த பெண், ஒரு பெட்டியின் பின்பக்கத்தையும் பார்த்ததில்லை.

"நல்ல கார்டா இருந்தாத்தான காட்டும்" என்றார் வீரணன்.

மறுநாள் மத்தியானம் அவரும் காமராஜும் கடைக்கு வந்தார்கள். தீபாவளிக் கூட்டம், கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பழைய கார்டைப் புதுப் பெட்டியில் வைத்து ஏமாற்றிவிட்டான் என்று வீரணன் சத்தமாகச் சொன்னார். ஷெட்டில் ஒரு மணி நேரம் ஓடிக் காட்டிவிட்டு உயிரை விட்டுவிட்டதாம். யோகராஜுக்கு விஷயம் அந்த நிமிடமே புரிந்துவிட்டது. காமராஜைப் பார்த்துக் கேட்டார்.

"மானிட்டர் வயர எந்த ஓட்டையில மாட்டுனீங்க?"

"நீ சொன்ன ஓட்டையிலதேன்."

"வெள்ளை டேப்பு ஒட்டுன ஓட்டையில இல்லையே?"

"டேப்பா? அப்படி ஒண்ணும் அதுல இல்லையே."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் தூக்கும்போது டேப் இல்லை. ஆனால் ஒவ்வொரு சீலையும் படம் எடுத்தவர் அவர். அந்தப் படங்கள் அப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தன. கார்டு புதுசுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால், தப்பு யார் கையில் நடந்தது என்ற கேள்வி அவர் பக்கம் திரும்பும். காமராஜ் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யோகராஜ் வீரணனிடம் பேசினார். தான் வந்து பார்ப்பதாக முதலில் சொன்னார். வீரணன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மாற்றிச் சொன்னார்.

"அய்யா, நான் வரல. கேட்டுக்கு வெளியவே நிக்கிறேன். பெட்டிக்குப் பின்னால போனுல ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. எந்த வயர எங்க மாத்தணும்னு நான் சொல்லிர்றேன். ஒரு நிமிச சோலி."

"களவாணிப் பயலுக்கு நாங்க போட்டோ புடிச்சு அனுப்பணுமாக்கும்" என்றார் வீரணன்.

கலீபுல்லா பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தால் கார்டை மாற்றி வைத்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்பீர்கள் என்றார் வீரணன். பிறகு, இவன் இந்தக் கடையில் இருக்கும் வரை எங்கள் ஆட்கள் எவரும் இந்தப் படி ஏறமாட்டார்கள் என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஒரு போட்டோவில் முடியும் விஷயம். அந்தப் போட்டோவைப் பிடிக்க வேண்டுமென்றால், காலனிக்காரன் சொல்லி வீரணன் கேட்டதாக ஆகிவிடும். அதைவிட, மகளின் கம்ப்யூட்டர் கெட்டே கிடக்கலாம்.

திங்கட்கிழமை கலீபுல்லா யோகராஜைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை தேனியிலிருந்து வேறொரு கடைக்காரர் சிலமலைக்கு வந்தார். அவர் சாமி அறையைத் தாண்டி மாடி வரை போகத் தடையில்லை. பெட்டியைத் திருப்பினார், மேலே இருந்த வயரைப் பிடுங்கிக் கீழே மாட்டினார். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. எவர்சில்வர் டம்ளரில் காபி குடித்துவிட்டுப் போனார். பக்கத்தில் நின்று கார்த்திகா இதைப் பார்த்தார். அப்பாவிடம் சொன்னார். அவர், "சரி, ஓடுதில்ல, விடு" என்றாராம்.

கார்த்திகா யோகராஜுக்கு எழுதினார். "அண்ணா சாரி. வயர்தான் மாத்தி மாட்டிருந்துச்சு. கார்டு சூப்பரா இருக்கு."

யோகராஜ் அந்தச் செய்தியை வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து படித்தார். முதலில், முன்பக்க வலையில் மாதம் ஒருமுறை தூசி தட்ட வேண்டும் என்று பதில் எழுதினார். பழக்கம். அரை மணி கழித்து இன்னொன்று எழுதினார்: "பாப்பா, இத அப்பாவக் கடையில ஒரு வார்த்த சொல்லச் சொல்ல முடியுமா? இல்ல நீங்களே பாய்க்கு ஒரு போன் பண்ணாக்கூடப் போதும்." இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அந்தப் பெண் கெட்டவள் இல்லை. வீட்டில் யாரும் தன்னைத் திட்டாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் நல்லவள். அந்த அளவு நல்லவர்களால் நிறைந்த நாடு இது.

அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு யோகராஜ் கலீபுல்லாவிடம் போனார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நீ அப்படிச் செய்ய மாட்டன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும் யோகு."

"அப்பறம் ஏன் பாய்?"

கலீபுல்லா போனைத் திருப்பிக் கொடுத்தார். கமிஷன் கடைகளில் பாதிப் பேர் வீரணனுக்குச் சொந்தக்காரர்கள், அந்த பில் மிஷின்கள் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்றார். கடைக்கே டீ வாங்கிவரச் சொல்லி, இருவருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். மாடி அறையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

தேனியில் இரண்டு கடைகளில் யோகராஜ் வேலை கேட்டார். 'பழைய கார்டு விக்கிற ஆளு' என்ற பேச்சு அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. போலீசுக்குப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

"போயி என்னன்னு எழுதிக் குடுப்ப? உள்ள விடலன்னா? நம்மள யாரு உள்ள விட்டா இதுவரைக்கும். நாளைக்கு ஜீப்புல எனக்கு எடம் இருக்காது அப்பு, அதத்தேன் நீ எழுதிக் குடுப்ப."

யோகராஜ் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது அவர் குரங்கணிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் மருந்து அடிக்கப் போகிறார். முதுகில் டேங்க், கை நகங்களில் எப்போதும் அந்த மருந்தின் நீல நிறம். பிளைவுட் பலகைக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். அதை ஓடவிட்டு ஏழு மாதம் ஆகிறது. கலீபுல்லா கடையின் மாடியில் அட்டைப்பெட்டிகள் திரும்பவும் ஏறிவிட்டன. சிலமலையில் அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் நன்றாக ஓடுகிறது என்று கேள்வி. மோட்டார் ஓடும் நேரத்திலும் அணைவதில்லையாம். பவர் சப்ளை நல்லது.

வீரணனை மாற்ற முடியும் என்ற நம்பிக்கை யோகராஜுக்கு இல்லை, நமக்கும் வேண்டாம். உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த முறை ஒருவர் கையில் ஸ்க்ரூடிரைவரோடு உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது, அவர் தெருவை விசாரிக்காதீர்கள். சாமி அறை குறுக்கே இருந்தால் இருக்கட்டும். அதைத் தாண்டி, மேசை வரை அவரைக் கூட்டிப்போங்கள். நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே காபி கொடுங்கள். வீட்டில் யாராவது முகம் சுளித்தால், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விடாமல், அவர் முன்னாலேயே, அவர் காதில் விழும்படி பேசுங்கள். கடைசி வயரை அவரையே மாட்டச் சொல்லுங்கள்.